திங்கட்கிழமையே வந்துவிடு, சரோ

காட்பாடி

அன்புள்ள சரோ,

நலம். நீயும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் போட்டால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், இல்லையென்றால் குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். வேண்டுமென்றேதான் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன். ஏன் என்று உனக்கே தெரியும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. குழாய் போடுகிறோம் என்று தெருவைத் தோண்டினார்கள், மூடத்தான் ஆளைக் காணோம். பட்டு டீச்சர் பேத்திக்குச் சீமந்தம் நல்லபடியாக முடிந்தது. சுந்தரிக்கு முட்டிவலி. ஆனாலும் வாய் மட்டும் ஓயவில்லை. உன் சங்கதியை எனக்குச் சொன்னதே அவள்தான்.

எங்கள் தெருப் பொங்கல் விழாவுக்கு வினாடி வினா நடத்தும் பொறுப்பு இந்த வருஷம் எனக்கு வந்திருக்கிறது. பொது அறிவு, தலைநகரம், நாணயம் என்று கேட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அதனால் சினிமாக்காரர்களும் அவர்களுடைய சென்டிமென்ட்டும் என்று தலைப்பு வைத்துவிட்டேன். அதிலிருந்து ராத்திரித் தூக்கம் போச்சு. ஒன்றைத் தேடினால் ஒன்பது கிடைக்கிறது.

ஒன்பது என்றதும்தான் டி. ராஜேந்தர். படத்துக்கு ஒன்பது எழுத்தில் பெயர் வைப்பார் என்று ஸ்டாஃப் ரூமில் நீதான் சொல்வாய். நான் நம்ப மாட்டேன். இப்போது பேரனை உட்கார வைத்து, புள்ளி வைத்த எழுத்தையும் விடாமல் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தோம். உ-யி-ரு-ள்-ள-வ-ரை-உ-ஷா, ஒன்பது. தங்கைக்கோர் கீதம், ஒன்பது. இரண்டும் 1983. உறவைக் காத்த கிளி, மைதிலி என்னை காதலி, ஒரு தாயின் சபதம், என் தங்கை கல்யாணி, சம்சார சங்கீதம், எங்க வீட்டு வேலன், மோனிஷா என் மோனாலிசா. எதை எடுத்தாலும் ஒன்பது! மைதிலியில் 'என்னைக் காதலி' என்று க் போட்டிருந்தால் பத்தாகியிருக்கும். தமிழ் டீச்சரான உனக்கு அந்த க் இல்லாதது எவ்வளவு நாள் உறுத்தியது என்று எனக்குத் தெரியும். எழுத்துக் கணக்கை நினைத்தால் அதை விட்டதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. எண்ணி முடித்ததும் பேரன் என்ன கேட்டான் தெரியுமா? "பாட்டி, ஒரு தலை ராகம்?" எண்ணினோம். ஏழுதான். 1980-ல் அது ஓடிய ஓட்டம் நமக்குத் தெரியாதா? அவருக்கு வாழ்வு கொடுத்ததே அந்த ஏழெழுத்துப் படம்தானே.

இதே மாதிரிதான் டைரக்டர் பீம்சிங்கும். பதிபக்தி, பாகப்பிரிவினை, படிக்காத மேதை, பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும், பார்த்தால் பசி தீரும், படித்தால் மட்டும் போதுமா, பார் மகளே பார், பச்சை விளக்கு, பழநி. 1958-லிருந்து 1965 வரை வரிசையாகப் ப-வில் ஆரம்பிக்கிற படங்கள். 1961-ல் மட்டும் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் என்று மூன்று. நம் அம்மாக்கள் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்த வருஷம். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் களத்தூர் கண்ணம்மாவை எடுத்தவரும் அதே பீம்சிங்தான். க-வில் ஆரம்பித்த படம், கமலஹாசன் என்ற குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது.

ரஹ்மான் கதை இன்னும் எனக்குப் பிடித்தது. தங்கை கல்யாண விஷயமாக அம்மா ஜாதகம் பார்க்கப் போன இடத்தில், திலீப்குமாராக இருந்த பிள்ளைக்கு அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஒரு இந்து ஜோசியர். இதைக் கேட்டால் பிள்ளைகள் யாரும் சொல்ல மாட்டார்கள் பார்.

எம்.ஜி.ஆர். கைக்கடிகாரத்தையும் சேர்த்திருக்கிறேன். சமாதிக் கல்லில் காதை வைத்தால் உள்ளே அது ஓடுகிற சத்தம் கேட்கும் என்று இன்றைக்கும் மெரினாவில் குனிகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட டூரில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு முதல் ஆளாகக் குனிந்தது யார்? கல் சுடுகிறது என்று புடவைத் தலைப்பை மடித்து வைத்து, அதன்மேல் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "கேக்குது விஜி, நிஜமா கேக்குது" என்றாய். ராகுகால ராமசாமி சார் பின்னாலேயே வந்து குனிந்தார். அந்த முகத்தை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

சரோ, எனக்கு இதெல்லாம் பிடிக்கும். ஷூட்டிங் கடைசி நாளில் பூசணிக்காய் உடைக்கிறார்களே, அது இல்லாவிட்டால் படம் முடிந்ததாகவே எனக்குத் தோன்றாது. நானும் விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்க மாட்டேன், வெள்ளிக்கிழமை கைப்பணம் வெளியே விட மாட்டேன். பல்லி தோளில் விழுந்தால் காஞ்சிபுரத்தில் வரதராஜர் கோவில் தங்கப் பல்லியைத் தொட்டு வந்த கை இது என்று தைரியம் சொல்லிக்கொள்வேன். எங்கள் வீட்டு வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் இன்னும் தொங்குகின்றன. அதனால் பகுத்தறிவு பேச வந்துவிட்டாள் என்று நினைக்காதே.

ஆனால் சிவாஜியின் முதல் படமான பராசக்தியின் கதையைத் தோண்டியபோது மனசு வேறு மாதிரி ஆகிவிட்டது. முதல் ஷாட்டில் சிவாஜி சொன்ன முதல் வார்த்தை "சக்சஸ்" என்பது உனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். ஏவி.எம். ஸ்டூடியோவில் அந்த இடத்தில் நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள். வாய் முகூர்த்தம், அதனால்தான் அந்த மனிதர் அப்படி உயர்ந்தார் என்று நாமே எத்தனை தடவை பேசியிருப்போம். ஆனால் அந்த நல்ல வார்த்தையைச் சொன்ன பிறகுதானே அவரைப் படத்திலிருந்து எடுத்துவிடலாம் என்ற பேச்சே வந்தது! பையன் ஒல்லியாக இருக்கிறான், கேமராவுக்குச் சரிப்படவில்லை, நடிகர் கே.ஆர். ராமசாமியைப் போடலாம் என்று ஏவி.எம். மெய்யப்ப செட்டியாருக்கு எண்ணம். முடியாது, கணேசன்தான் நடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் நம் வேலூர் பெருமாள் முதலியார், நேஷனல் பிக்சர்ஸ்காரர். மாதம் 250 ரூபாய் சம்பளம் கொடுத்து, உடம்பு தேறட்டும் என்று காத்திருந்து படத்தை முடித்தார்கள். 1952 அக்டோபர் 17, தீபாவளிக்கு வந்தது. அதற்கப்புறம் நடந்தது சரித்திரம்.

சிவாஜிக்கு எதனால் வாழ்வு வந்தது என்று சிவாஜிக்குத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் வருஷா வருஷம் பொங்கலுக்குப் புதுத்துணியும் சீருமாக எதற்கு வேலூருக்கு வந்து பெருமாள் முதலியாரைப் பார்த்துவிட்டுப் போனார்? 'சக்சஸ்' நல்ல சகுனம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஒருவர் பக்கத்தில் நின்று, இதை நான் முடித்தே தீருவேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. இதை எழுதிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் சுந்தரி வந்து உன் கதையைச் சொன்னாள்.

கண்புரை ஆபரேஷனுக்கு ஆடியில் தேதி கொடுத்தார்கள், ஆடி என்றாய். புரட்டாசி, விரதம் என்றாய். அப்புறம் மார்கழி. இப்போது பொங்கல் முடிந்து அடுத்த புதன்கிழமை கொடுத்திருக்கிறார்கள். புதன் வடக்கே சூலம், திருவண்ணாமலையிலிருந்து வேலூர் நேர் வடக்கு, போதாததற்குச் சந்திராஷ்டமம், அதனால் அதையும் தள்ளிப்போடப் போகிறாயாம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

ஆரணி கிரகப்பிரவேசத்தில் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மூன்றே படி. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் காலால் துழாவித் துழாவி இறங்கினாய். மாலதி எதிரே வந்து நின்று சிரிக்கிறாள், நீ யாரையோ பார்க்கிற மாதிரி கடந்து போகிறாய். அவள் மனசு வாடிப்போனாள், நான்தான் சமாதானம் சொன்னேன். பரீட்சைத் தாளில் ஒரு ஒற்று விட்டுப்போனால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்த கண் அது, சரோ.

புரை காத்திருக்காது. முற்ற முற்றக் கெட்டியாகும், எடுப்பது கஷ்டமாகும். சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பையே கெடுத்துவிடும். அப்படிப் போன பார்வை எந்த நல்ல நாளிலும் திரும்பாது. இப்போது செய்துகொண்டால் சொட்டு மருந்திலேயே மரத்துப்போக வைத்து, சின்னத் துளை போட்டு, லென்ஸ் வைத்து, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இரண்டு கண்ணிலும் ஆகிவிட்டது, நீயே வந்து பார்த்தாயே. சந்திராஷ்டமம் மாதா மாதம் எல்லா ராசிக்கும் இரண்டேகால் நாள் வருவதுதான். எந்த நாளை எடுத்தாலும் யாரோ ஒரு ராசிக்காரருக்கு அது இருக்கும். அந்த ராசிக்காரர்களை எல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்களா?

சூலத்துக்கும் வழி இருக்கிறது. காலண்டரை வைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை சூலம் கிழக்கே, வடக்கே வர ஒரு தடையும் இல்லை. அன்றைக்கு ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது. ஒன்பதரைக்கு மேல் பஸ் ஏறு. போளூர், கண்ணமங்கலம் வழியாக மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். செவ்வாய் என் வீட்டில் இரு. புதன்கிழமை காட்பாடியிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தெற்கே போகிறோம், புதனுக்குத் தெற்கே சூலமே கிடையாது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் நீதானே சொல்வாய். உனக்கு மட்டும் அது ஆகாதா?

பக்கத்தில் நான் நிற்கிறேன். உள்ளே கூட்டிப்போகிற வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பத்து நாளாவது இங்கே இருந்து மருந்து விட்டுக்கொண்டு போ. அண்ணனுக்குச் சமைக்க ஆளில்லை என்று சொல்லாதே, அவரையும் கூட்டிக்கொண்டு வா. பழைய ரிப்போர்ட், சர்க்கரைக்குச் சாப்பிடுகிற மாத்திரை, ஆதார் அட்டை மூன்றையும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் போட்டு, வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை காலை நானே உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். தெற்கே வர எனக்கும் அன்றைக்குச் சூலம் இல்லை.

அன்புடன்,
விஜி

பி.கு.: வாணி ஜெயராம் பிறந்த ஊர் எது என்று சுந்தரியைக் கேட்டுப் பார்த்தேன். சென்னை என்கிறாள்! வேலூரிலேயே பிறந்து வேலூரிலேயே வாழ்கிறவள். 1945-ல் நம் ஊரில் கலைவாணியாகப் பிறந்தவர், அபூர்வ ராகங்களுக்குத் தேசிய விருது வாங்கினார் என்று சொன்னால் என்னையே சந்தேகமாகப் பார்க்கிறாள். வரும்போது நீயே அவளுக்குச் சொல்.