செயலாளரின் ஆண்டறிக்கை: 'புரோமிதியஸ்' விவாதம் நடந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் திரைப்படக் கழகத்தின் மாதாந்தரத் திரையிடல்கள் இந்த ஆண்டும் நடந்தன. மழைக்காலத்தில் ஒரு முறை மின்தடையால் நிகழ்ச்சியைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அடுத்த வாரமே அதை நடத்திவிட்டோம். புரொஜெக்டரின் விளக்கு மாற்றப்பட்டது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவற்றை இத்துடன் நிறுத்திக்கொண்டு, இவ்வாண்டில் உறுப்பினர்களை அதிகம் பேசவைத்த நிகழ்ச்சிக்கு வருகிறேன். நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு அதற்கே இந்த அறிக்கையில் பெரும்பகுதியை ஒதுக்கியிருக்கிறேன்.

ரிட்லி ஸ்காட் 1979இல் எடுத்த 'ஏலியன்' படத்தை ஒரு மாதமும், அதற்கு முன்கதையாக அவரே 33 ஆண்டுகள் கழித்து 2012இல் எடுத்த 'புரோமிதியஸ்' படத்தை அடுத்த மாதமும் திரையிட்டோம். படம் முடிந்ததும் அரை மணி நேரம் பேசிக் கலைவது நம் வழக்கம். அன்று அரங்கக் காவலர் கதவைப் பூட்ட வரும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. மீதி விவாதத்துக்கென்றே தனிக் கூட்டம் கூட்டினோம். அதன் சாரத்தைக் கூட்டக் குறிப்பேட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன். இடையிடையே என் கருத்தையும் சொல்ல உறுப்பினர்கள் அனுமதிக்க வேண்டும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். 2089இல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் ஒரு குகை ஓவியம் கிடைக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல பழைய நாகரிகங்களில் உள்ள அதே விண்மீன் அமைப்பு அதிலும் இருக்கிறது. மனிதனைப் படைத்தவர்கள் அங்கிருந்து அழைக்கிறார்கள் என்று நம்பி, எலிசபெத் ஷா, ஹாலோவே என்ற ஆய்வாளர் இருவரும் மற்றவர்களுமாகப் பதினேழு பேர் 2093இல் எல்வி-223 என்ற நிலவில் இறங்குகிறார்கள். செலவு முழுவதும் வேலண்ட் என்ற கோடீசுவரருடையது. கூடவே டேவிட் என்ற ஆண்ட்ராய்டும், அதாவது மனித உருவ இயந்திரமும், வருகிறது. படைத்தவர்களுக்குப் படத்தில் 'எஞ்சினியர்கள்' என்று பெயர்.

விவாதத்தைத் தொடங்கிவைத்தவர் நம் மூத்த உறுப்பினரான ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர். அவருடைய வருத்தம் முழுவதும் படத்தில் வரும் நிலவியலாளர் ஃபைஃபீல்டைப் பற்றியது. சுரங்கப் பாதைகளில் பறந்து சென்று வரைபடம் எடுக்கும் சிறு கருவிகளை ஏவிவிடுவதே ஃபைஃபீல்டின் வேலை. அந்த வரைபடம் கப்பலில் முப்பரிமாணமாக ஒளிர்கிறது. அப்படியிருக்க, வழி தெரியாமல் தொலைந்துபோகிறவரும் அதே ஃபைஃபீல்டுதான். "நாற்பது ஆண்டு மாணவர்களை மலைக்கு அழைத்துப் போனவன் நான். வரைபடம் எடுக்கிறவன் தொலைவதாகக் காட்டினால் அந்தத் தொழிலையே தெரியாதவர்கள் எழுதிய கதை அது" என்றார். அவர் குரலில் இருந்தது உண்மையான வேதனை.

விலங்கியல் பயிற்றுவிக்கும் உறுப்பினர் தன் பங்குக்கு உயிரியலாளர் மில்பர்னை எடுத்துக்கொண்டார். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இறந்த எஞ்சினியரின் உடலைக் கண்டதும் பயந்து திரும்புகிறவர் மில்பர்ன். அவரே, எஞ்சினியர்கள் விட்டுச்சென்ற கறுப்புத் திரவத்திலிருந்து எழுந்து நாகம்போல் படம் விரித்து நிற்கும் உயிரைச் செல்லம் கொஞ்சக் கை நீட்டுகிறார். பிணத்துக்கு அஞ்சியவர் சீறும் உயிருக்கு அஞ்சாதது எந்த மனநிலை என்று அவர் கேட்டதற்குப் படத்தை விரும்புகிறவர்களாலும் பதில் சொல்ல முடியவில்லை. காற்று சுவாசிக்கத்தக்கது என்று தெரிந்தவுடன் ஹாலோவே தலைக்கவசத்தைக் கழற்றுவதும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தது. காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது என்பதும் அதில் கிருமி இல்லை என்பதும் வேறு வேறு சேதிகள்.

இதற்கு இளைய உறுப்பினர் ஒருவர் நல்ல எதிர்வாதம் வைத்தார். "ஐயா, 'ஏலியன்' படத்தில் கேன் என்பவர் அந்நிய உயிரின் திறந்த முட்டைக்குள் குனிந்து பார்க்கவில்லையா? தொற்று அபாயம் என்று கப்பல் அதிகாரி ரிப்ளி தடுத்தும் கேளாமல் கதவைத் திறந்து அவரை உள்ளே எடுக்கவில்லையா? அதை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?" என்றார். ஆசிரியர் சற்று யோசித்தே பதில் சொன்னார். "தம்பி, அந்தப் படத்தில் வரும் நோஸ்ட்ரோமோ சரக்கு இழுக்கும் கப்பல். அதில் இருந்த ஏழு பேரும் கூலிக்கு வந்தவர்கள். கம்பெனி உத்தரவால் அங்கே இறக்கப்பட்டவர்கள். கேன் தலைக்கவசத்தோடுதான் குனிந்தார். விதியைச் சொல்லித் தடுக்க அங்கே ஒரு ரிப்ளியாவது இருந்தார். புரோமிதியஸ் கப்பல் ஆராய்ச்சிக்கென்றே போனது. ஆராய வந்தவர்களே அதில் விதியை மறந்தார்கள்." இந்தப் பதிலோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.

அறிவியல் பிழைகளைப் பட்டியலிட்டவர்களும் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். கப்பல் அறிமுகமாகும்போது பூமியிலிருந்து அதன் தூரம் 327 லட்சம் கோடி கிலோமீட்டர் என்று திரையில் எழுத்து வருகிறது; ஏறத்தாழ 35 ஒளியாண்டு. பிறகு, பயணத்தைக் கண்காணிக்கும் கம்பெனி அதிகாரியாகச் சார்லிஸ் தெரோன் நடித்த விக்கர்ஸ், தான் பூமியிலிருந்து அரை பில்லியன் மைல் தள்ளி இருப்பதாகச் சொல்கிறார். அது 80 கோடி கிலோமீட்டர். வியாழன் கோளைச் சற்றே தாண்டிய இடம். படம் வெளியான காலத்திலேயே வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் இதைச் சுட்டிக்காட்டினார். திரையில் சரியாக எழுதிய எண்ணை வசனத்தில் தவறவிட்டது கவனக்குறைவு என்பதைத் தாண்டி எனக்கு இதில் பெரிய குறை தெரியவில்லை.

இனி மறுபக்கம். படத்தின் காட்சியழகைக் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை. ஐஸ்லாந்தின் டெட்டிஃபோஸ் அருவியின் விளிம்பில் ஓர் எஞ்சினியர் கறுப்புத் திரவத்தைக் குடித்து, உடல் சிதைந்து அருவியில் விழும் தொடக்கக் காட்சியில் அரங்கமே அசையாமல் இருந்தது. ஆர்தர் மேக்ஸ் பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில் எழுப்பிய பெரிய அரங்கங்கள், டாரியுஷ் வோல்ஸ்கியின் ஒளிப்பதிவு இரண்டையும் பலர் பாராட்டினர். சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிந்துரை இப்படத்துக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு பரிசை வென்ற 'லைஃப் ஆஃப் பை' புதுச்சேரியில் தொடங்கும் கதை, அங்கே படமாக்கவும் பட்டது என்று புதுச்சேரியில் படித்த உறுப்பினர் மகிழ்ச்சியோடு நினைவூட்டினார்.

செவிலியரான உறுப்பினர் பேசியது அறுவைசிகிச்சைக் காட்சியைப் பற்றி. தன் வயிற்றில் வளர்வது என்னவென்று தெரிந்ததும் ஷா தானியங்கி மருத்துவப் பேழைக்கு ஓடிச் சிசேரியன் செய்யச் சொல்கிறார். அது ஆண் நோயாளிகளுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது என்று பேழை மறுக்கிறது. வயிற்றில் அந்நியப் பொருள் என்று மாற்றிச் சொல்லி வேலையை முடித்துக்கொள்கிறார். விக்கர்ஸ் என்ற பெண்ணின் அறையில் ஆணுக்கான பேழை ஏன் இருக்கிறது என்ற சந்தேகம் நமக்கு அங்கே எழவேண்டும். கிழவர் வேலண்ட் கப்பலில் ஒளிந்திருக்கிறார் என்பதற்கு அதுவே முதல் தடயம். இவ்வளவு நுட்பமாக எழுதியவர்கள், வயிற்றைக் கிளிப் போட்டு மூடிய சில நிமிடத்தில் அவரை ஓடவும் தாவவும் விட்டது ஏன் என்று கேட்டார் அந்த உறுப்பினர். வயிறு திறந்து தைத்த நோயாளி மறுநாள் இருமுவதற்கே தலையணையை அணைத்துக்கொள்வார் என்றார். அதைவிட அவரை வருத்தியது, ரத்தக்கறையோடு வந்து நிற்கும் ஷாவைப் பார்த்து என்ன நடந்தது என்று கப்பலில் ஒருவரும் கேட்காதது.

மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த டேவிட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் இரு தரப்பும் ஒன்றாயின. மற்றவர்கள் உறங்கும் இரண்டு ஆண்டுகளில் டேவிட் தனியாகப் பழைய மொழிகளைக் கற்கிறது, 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' பார்த்துப் பீட்டர் ஓ'டூலைப்போல் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொள்கிறது. எங்களை ஏன் படைத்தீர்கள் என்று டேவிட் கேட்க, முடிந்தது, அதனால் படைத்தோம் என்கிறார் ஹாலோவே. இதே பதிலை உங்களைப் படைத்தவரிடமிருந்து நீங்கள் கேட்க நேர்ந்தால் எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று டேவிட் திருப்பிக் கேட்கிறது. விடை தேட எவ்வளவு தூரம் போவீர்கள் என்ற கேள்விக்கு, எதையும் செய்வேன் என்று ஹாலோவே சொன்ன பிறகே, விரல் நுனியில் ஒட்டியிருந்த கறுப்புத் துளி அவருடைய மதுக்கிண்ணத்தில் விழுகிறது. பெரிய அரங்கமோ அசுர உயிரோ இல்லாத காட்சி இது. ஒரு மேசை, இரண்டு பேர், ஒரு துளி. என் கணிப்பில் முழுப்படத்திலும் உயர்ந்து நிற்பது இந்தச் சில நிமிடங்கள்தான்.

'ஸ்பேஸ் ஜாக்கி' விவகாரத்தில் குரல்கள் உயர்ந்ததைக் குறிப்பேட்டில் உள்ளபடியே தெரிவிக்கிறேன். 'ஏலியன்' படத்தில் கைவிடப்பட்ட கப்பலுக்குள் இருக்கையோடு இருக்கையாக வளர்ந்து கல்லாகிப்போன ராட்சத உருவம் ஒன்று வரும். ஹெச். ஆர். கீகர் வடிவமைத்தது. அதைப் பெரிதாகக் காட்ட ஸ்காட் தன் பிள்ளைகளுக்கே சிறிய விண்வெளி உடை அணிவித்து அதன் பக்கத்தில் நடக்கவிட்டார். அது யார், எங்கிருந்து வந்தது என்று அந்தப் படம் சொல்லவே இல்லை. 'புரோமிதியஸ்' அதை வெறும் உடை என்கிறது. உள்ளே இருப்பது நம் மரபணுவோடு ஒத்துப்போகும், வெளுத்த, உயரமான மனிதர். 'ஏலியன்' படத்தை இளம் வயதில் பார்த்த உறுப்பினர்களுக்கு இது பேரிழப்பு. விண்வெளியின் அந்நியத்தன்மையே போய்விட்டது என்றார்கள். இளையவர்களோ, ஒரு முன்கதை எதையும் புதிதாகச் சொல்லக்கூடாதென்றால் அதை எடுப்பதே எதற்கு என்றார்கள். நான் இதில் மூத்தவர்கள் பக்கம். அந்த உருவம் மனித முகம் பெற்றபோது அதன் அளவும் குறைந்தது, அச்சமும் குறைந்தது.

திரைக்கதையின் வரலாற்றை நம் நூலகப் பொறுப்பாளர் விளக்கினார். ஜான் ஸ்பெய்ட்ஸ் முதலில் எழுதியது 'ஏலியன்: எஞ்சினியர்ஸ்' என்ற நேரடி முன்கதை. பின்னர் வந்த டேமன் லிண்டெலாஃப் பழைய படத்தோடு இருந்த பிணைப்பைத் தளர்த்தி, படைப்பு பற்றிய கேள்விகளை முன்னுக்குக் கொண்டுவந்தார். படம் விடை தராமல் முடிந்துவிட்டது என்ற புகார் உலகெங்கும் லிண்டெலாஃப் தலையிலேயே விழுந்தது.

அந்தப் புகாரை நான் ஏற்கவில்லை. எஞ்சினியர்கள் ஏன் நம்மைப் படைத்தார்கள், ஏன் அழிக்க நினைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டது படத்தின் உரிமை. என் மனக்குறை வேறு. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே அவ்வளவு தூரம் போனவர்களைப் படம் கேட்கவே விடவில்லை. உறக்கத்திலிருந்து எழுந்த கடைசி எஞ்சினியரின் முன் ஷா கதறுகிறார், நாங்கள் செய்த தவறு என்ன என்று கேட்கச் சொல்கிறார். வேலண்டின் ஆள் அவர் வயிற்றில் துப்பாக்கிக் கட்டையால் குத்தி வாயடைக்கிறான். பேசுவது டேவிட் மட்டும். அதுவும் சாக விரும்பாத ஒரு கிழவருக்காக. அந்த வசனத்துக்குச் சப்டைட்டில் கிடையாது. படத்துக்கு மொழி ஆலோசகராக இருந்த அனில் பில்ட்டூ பிற்பாடு அதன் பொருளைச் சொன்ன பிறகே ரசிகர்களுக்குத் தெரிந்தது. எஞ்சினியர் பதில் பேசும் நீண்ட வடிவமும் படமாக்கப்பட்டு, வெட்டப்பட்டு, பின்னர் புளூ-ரே வட்டில் மட்டும் வெளிவந்தது. அதைக் கூட்டத்தில் போட்டுக் காட்டினோம். பார்த்தவர்களில் பெரும்பாலோர் அது படத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்றார்கள். எனக்கும் அதே எண்ணம். பதில் கிடைக்காதது துயரம். அது கதைக்குப் பலம். கேள்வியே எழாதபடி செய்தது எழுத்தின் பலவீனம்.

ஆயினும் இறுதியில் டேவிட்டின் துண்டிக்கப்பட்ட தலையைப் பையில் வைத்துக்கொண்டு, பூமிக்குத் திரும்ப மறுத்து, எஞ்சினியர்களின் சொந்த உலகத்துக்கே போகிறேன் என்று கிளம்பும் ஷாவை நான் மறக்கமாட்டேன். நூமி ராபாஸ் அந்தப் பிடிவாதத்தை உண்மையாக்கிவிடுகிறார். 2017இல் வந்த 'ஏலியன்: கவனன்ட்' அந்தப் பயணத்தைத் தொடராமல் ஷா இறந்துவிட்டதாகச் சொல்லி முடித்துக்கொண்டது பற்றி உறுப்பினர்கள் பலர் கோபத்தோடு பேசினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. 2024இல் வந்த 'ஏலியன்: ரோமுலஸ்' கறுப்புத் திரவத்தை மீண்டும் கதைக்குள் கொண்டுவந்ததைச் சிலர் ஆறுதலாகக் குறிப்பிட்டார்கள்.

இந்த விவாதத்தின் தொடர்ச்சியாக நிர்வாகக் குழு இரண்டு முடிவுகளை எடுத்து, உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறது. ஒன்று, வரும் ஆண்டில் முன்கதைப் படங்களுக்கென ஒரு வரிசை நடத்துவது. முதல் படமாக 2016இல் வந்த 'ரோக் ஒன்'. அதன் முடிவு 1977இல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தைப் பார்த்த அனைவருக்கும் முன்பே தெரியும். தெரிந்த முடிவை நோக்கிப் போகும் கதை எப்படி நம்மை இருக்கையில் பிடித்துவைக்கிறது என்பதைப் பேசலாம். இரண்டு, இத்தகைய படங்களைக் கதையின் கால வரிசையில் காட்டாமல், வெளிவந்த வரிசையிலேயே காட்டுவது. முதலில் 'புரோமிதியஸ்' பார்க்கும் ஒருவர், 'ஏலியன்' படத்தில் அந்தக் கல்லாகிப்போன உருவத்தைக் காணும்போது அடையவேண்டிய திகைப்பை நாமே அவரிடமிருந்து பறித்துவிடுவோம். இதை எதிர்த்துக் குழுவில் ஓர் உறுப்பினர் வாக்களித்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

விவாதக் கூட்டத்துக்கு அரங்கத்தைக் கட்டணமின்றித் தந்த நிர்வாகத்துக்கும், நேரம் கடந்தும் பொறுமையாகக் காத்திருந்த காவலருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் உறுப்பினர்களுக்கும், விவாதத்தைச் சுருக்கெழுத்தில் பதிவுசெய்த இணைச் செயலாளருக்கும் கழகத்தின் நன்றி. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆண்டறிக்கையையும் மேற்கண்ட இரு தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்