6.47-க்கு எடுத்த படம்

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டாய். சரி, நியாயம்தான். வீட்டில் எல்லோரும் நலம். பெரியவள் தேர்வு எழுதி முடித்துவிட்டாள். அப்பாவின் முட்டிவலி முன்பைவிடத் தேவலை. உன் மகன் கேமரா கேட்டு அடம்பிடிப்பதாக எழுதியிருந்தாய். ஃபிலிம் ரோலின் நடுவில் பின்மூடியைத் திறந்து பார்த்த மகானின் பிள்ளை என்பதால், எதற்கும் யோசித்துச் சொல்கிறேன்.

அப்புறம், விஷயத்துக்கு வருகிறேன். பூங்காவில் என்ன கிடைத்தது, படம் அனுப்பு என்று நீ இரண்டு முறை கேட்டாய். இரண்டு முறையும் பேச்சை மாற்றினேன். படம் இல்லாமல் இல்லை. இத்தனை வருடத்தில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. அதை உனக்கு அனுப்பத்தான் கை வரவில்லை. ஏன் என்று எழுத உட்கார்ந்து இரண்டு முறை கிழித்துப் போட்டேன்.

போன முறை நீ வந்தபோது நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்த கட்டை ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இடப்பக்கம், கோரைப் புதருக்குள், முக்குளிப்பான் கூடு கட்டியிருந்தது. முதலில் பார்த்தபோது தண்ணீரில் ஒதுங்கிய குப்பை என்றுதான் நினைத்தேன். பாசியும் அழுகிய தண்டுமாக ஒரு சின்ன மேடு. இரண்டு மூன்று கோரைத் தண்டுகளோடு பிணைத்திருந்ததால் மிதந்தாலும் நகரவில்லை. அதன்மேல் பறவை உட்கார்ந்திருந்தது. கழுத்தில் அந்தச் செம்பழுப்பு, அலகு தொடங்கும் இடத்தில் அந்த மஞ்சள் பொட்டு. இந்த நிறமெல்லாம் இனப்பெருக்கக் காலத்தில்தான் இவ்வளவு அழுத்தமாக வரும். மற்ற மாதங்களில் நாம் பார்ப்பது மங்கிப்போன ஒரு பழுப்பு உருண்டையைத்தான்.

முக்குளிப்பான் நமக்குக் கொடுத்த தண்டனையெல்லாம் உனக்குத் தெரியும். ஃபோகஸ் பிடித்து ஷட்டரை அழுத்தும் நொடியில் மூழ்கிவிடும். பதினைந்து இருபது நொடி கழித்து எங்கோ எழும். நாம் லென்ஸைத் திருப்புவதற்குள் மறுபடி காணாமல் போகும். ஒரு காலை முழுவதும் முயன்று நீ வெறும் நீர் வளையங்களாக எடுத்து வந்தாயே, அந்த 'வட்டங்கள்' தொகுப்பை இன்னும் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட பறவை எங்கும் போகாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் விடிகாலை வெயில் பக்கவாட்டில் விழும் இடத்தில். என் நிலைமையை யோசித்துப் பார்.

கரையில் குப்புறப் படுத்தேன். நின்றுகொண்டு எடுத்தால் தண்ணீர்ப் பறவையை மேலிருந்து குனிந்து பார்ப்பது போலத்தான் வரும். லென்ஸ் நீர்மட்டத்துக்கு இறங்க வேண்டும். அப்போதுதான் பின்னணி கரைந்து, பறவையின் கண் நம் கண்ணுக்கு நேராக வரும். 400 மில்லிமீட்டர் லென்ஸ், 1/1600 ஷட்டர். இருந்த இடத்திலிருந்து கூடு எட்டு மீட்டர் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து முழங்கையால் ஊர்ந்து இன்னும் நாலடி முன்னே போனேன்.

பறவை எழுந்தது. அலகால் ஓரத்துப் பாசியைக் கவ்வி இழுத்து முட்டைகளின் மேல் போட்டது. இன்னொரு கொத்து இழுத்துப் போட்டது. அலகில் பாசி தொங்க, அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்துகொண்டிருக்க, கண்ணில் சூரியன் ஒரு புள்ளியாகத் தெரிய, அந்தக் கணம் சிக்கிவிட்டது. திரையில் பார்த்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. பாசிக்கு அடியில் ஒரு முட்டையின் ஓரம்கூடத் தெரிகிறது. இடும்போது வெள்ளையாக இருந்து, ஈரப் பாசியின் கறை ஏறி ஏறிப் பழுப்பாகிவிடுமே, அந்தப் பாதி நிறத்தில் இருந்தது அது.

பிறகு பறவை தண்ணீரில் இறங்கி, கூட்டைச் சுற்றியே நீந்திக்கொண்டிருந்தது. என்னைக் கண்டு அஞ்சவில்லை, பழகிவிட்டது, பக்கத்திலேயே இரை தேடுகிறது என்று நினைத்துக்கொண்டு எடுத்துத் தள்ளினேன். பேட்டரி தீர்ந்த பிறகுதான் எழுந்தேன். மொத்தம் 412 படங்கள். 36 படத்தை நாம் இரண்டு பேரும் எண்ணி எண்ணிப் பங்கு போட்ட காலத்தில் இது ஒரு வருடத்துக்கான கணக்கு.

இரண்டு நாள் கழித்து ராத்திரி உட்கார்ந்து படங்களைத் தேர்வு செய்தேன். வழக்கமாக நல்லதை மட்டும் பொறுக்கிவிட்டு மற்றதை அழித்துவிடுவேன். அன்று வரிசையாக, நேரப்படி பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் கேமரா நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறது அல்லவா?

6.31: கூட்டில் அமைதியாக இருக்கிறது, கழுத்து உடம்போடு ஒட்டியிருக்கிறது. 6.40: கழுத்து நீண்டு நிமிர்ந்திருக்கிறது, முகம் நேராக லென்ஸைப் பார்க்கிறது. நான் ஊர்ந்து முன்னே போனது அப்போதுதான். 6.47: அந்தப் படம். 6.48: தண்ணீரில். அதற்குப் பிறகு 7.29 வரை, பேட்டரி தீரும் வரை, எல்லாப் படத்திலும் தண்ணீரில்தான். இரை தேடுகிறது என்று நினைத்தேன் என்றேனே, அந்த முந்நூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றில்கூட அதன் அலகில் ஒரு மீன் இல்லை, ஒரு பூச்சி இல்லை. மூழ்குகிறது, எழுகிறது, கூட்டைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது. மறுபடி மூழ்குகிறது.

கடைசிப் படம் ஒன்று தனியாக இருந்தது. அந்தப் பக்கத்துப் பெஞ்சுக்குப் போய் வேறு பேட்டரி போட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்கச் சும்மா ஒன்று தட்டியிருக்கிறேன். நேரம் 7.33. பெரிதாக்கிப் பார்த்தேன். பறவை கூட்டின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் எழுந்து போனதும் நாலே நிமிடத்தில் திரும்பியிருக்கிறது. அதுவரை 45 நிமிடம் நான் அதை வெளியே நிறுத்தி வைத்திருந்தேன்.

முக்குளிப்பான் கூட்டை விட்டு இறங்கும்போது முட்டையை மூடிவிட்டுப் போகும் என்று நாம் படித்திருக்கிறோம். காக்கையின் கண்ணில் படாமல் இருக்கவும், சூடு சீக்கிரம் ஆறிவிடாமல் இருக்கவும் அது அப்படிச் செய்கிறது. படிக்கும்போது என்ன அழகான பழக்கம் என்று தோன்றியது. ஆபத்து வருகிறது, போகிறேன், போவதற்குள் முடிந்த வரை மூடிவிடுகிறேன் என்று அது தவித்த நேரத்தைத்தான் நான் படமாக எடுத்து வைத்திருக்கிறேன். அவசரத்தில் அது சரியாகக்கூட மூடவில்லை. அதனால்தான் அந்த முட்டையின் ஓரம் தெரிகிறது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்திருந்த இடம் அது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போன வருடம் வார இறுதிக் கூட்டத்தில் யாரோ ஒரு கூடு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டார்கள், மறுவாரம் பதினான்கு லென்ஸ் போய் நின்றது, காட்சி தெளிவாகத் தெரியட்டும் என்று ஒருவர் மறைத்த கிளையை ஒடித்தே விட்டார். கிளை போனால் கூட்டுக்கு நிழலும் போகும், மறைவும் போகும் என்று அன்றைக்கு நான் என்ன சத்தம் போட்டேன்! வீட்டுக்கு வந்த பிறகும் ஃபோனில் உன்னிடம் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினேன். நான் கிளை எதையும் ஒடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பறவைக்கு எங்கள் இரண்டு பேரில் யார் எவ்வளவு மேல் என்று எண்ணிப் பார்த்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

மாட்டுக்குள் உட்கார்ந்து படமெடுத்தவர்களின் கதையை நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள். 1892-இல் ரிச்சர்டும் செர்ரியும் முட்டைகளோடு ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்தார்கள், அப்புறம் உள்ளே காலியாக்கிய மாட்டு உருவத்துக்குள் ஒளிந்துகொண்டு பறவைகளை எடுத்தார்கள் என்று. அதை இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு வெளிச்சம் நிறைய நேரம் வேண்டும், கேமராவோ பெரிய பெட்டி. ஓடாமல் ஓரிடத்தில் இருக்கும் பறவைதான் படத்தில் விழும். அப்படி இருக்கிற பறவை எது? முட்டையை விட்டுப் போக மனம் வராத பறவை. பறவைப் படக்கலை வெகு காலம் கூட்டைச் சுற்றியே இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 1937-இல் பறவைப் படங்களுக்குப் பேர்போன எரிக் ஹாஸ்கிங் ஆந்தைக் கூட்டருகே போய் ஒரு கண்ணை இழந்ததும் அந்த வழியில்தான். அவர்களுக்கு வேறு வழி குறைவு. நம்மிடம் நொடிக்கு இருபது படம் எடுக்கிற கேமரா இருக்கிறது, பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் இருக்கிறது. பறந்துகொண்டிருக்கிற பறவையையே பிடிக்க முடிகிற நமக்கு, உட்கார்ந்தே தீர வேண்டிய பறவையிடம் என்னடா வேலை?

கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பு, இந்த வருடமாவது உன் பெயர் வரட்டும் என்று எழுதியிருந்தாய். உன் அக்கறை எனக்குப் புரிகிறது. இதை அனுப்பினால் வாங்கிக்கொள்வார்கள் என்றுகூடத் தோன்றுகிறது. கூட்டில் எடுத்த படங்களே வேண்டாம் என்று பல போட்டிகளில் விதி வைத்திருக்கிறார்கள், இவர்கள் வைக்கவில்லை. விதி இல்லை என்பதற்காக அனுப்ப மனம் ஒப்பவில்லை. பார்ப்பவர்கள் 'எவ்வளவு பாசமான பறவை' என்று சொல்வார்கள். யாரைக் கண்டு அது அப்படிச் செய்தது என்று நான்தான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். அழிக்கவும் இல்லை. அந்த 412 படமும் நேர வரிசையில் அப்படியே இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். உன் மகனுக்கு ஒருநாள் காட்ட வேண்டும். கேமரா வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் காட்ட வேண்டும். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் நான் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருந்தது கஷ்டமாக இருந்தது. முட்டைகள் என்ன ஆயினவோ என்று தினமும் யோசனை. அடைகாக்க ஏறக்குறைய 20 நாள் ஆகும், ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். நான் பார்த்தது எத்தனையாவது நாள் என்று தெரியாததால் கணக்கும் போட முடியவில்லை. முட்டை ஆறியிருந்தால், காக்கை பார்த்திருந்தால் என்று மனசு எங்கெங்கோ போனது. வீட்டில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள், அலுவலகத்தில் ஏதாவது பிரச்சினையா என்று.

மூன்றாவது ஞாயிறு நடைபாலத்துக்குப் போனேன். அங்கிருந்து கோரைப் புதர் ஐம்பது மீட்டருக்குக் குறையாது. ஜனங்கள் நடந்துகொண்டே இருக்கிற இடம் என்பதால் அங்கே ஒரு ஆள் நிற்பதைப் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு பைனாகுலரை மட்டும் எடுத்தேன். கூட்டில் யாரும் இல்லை. வயிற்றைப் பிசைந்தது. பத்து நிமிடம் அப்படியே நின்றிருப்பேன்.

அப்புறம் கோரைக்குள்ளிருந்து குதிரை கனைப்பது போல அந்த நீண்ட நடுக்கக் குரல் வந்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. புதர் விலகி ஒன்று மெதுவாக வெளியே வந்தது. முதுகு வழக்கத்தைவிடப் புடைத்திருந்தது. இறக்கை லேசாக அசைந்தபோது நடுவிலிருந்து ஒரு வரித்தலை எட்டிப் பார்த்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட, கட்டைவிரல் அளவுத் தலை. குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துகிறது! இணைப்பறவை மூழ்கி எழுந்து எதையோ கவ்விக்கொண்டு வந்தது. இறகுக்குள்ளிருந்து இரண்டு அலகுகள் ஒரே நேரத்தில் நீண்டன. பாலத்தில் போன ஒரு பெரியவர் நின்று, "என்ன தம்பி, ஏதாவது தொலைந்துபோய்விட்டதா?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கியிருந்தது. பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், திருப்பிக் கொடுக்கத் தோன்றவே இல்லை அவருக்கு.

பிறகுதான் கேமராவை எடுத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருப்பது அதுதான். நீ கேட்ட நல்ல படம் இல்லை. தூரம் அதிகம், தண்ணீருக்கு மேல் வெயிலின் கானல் வேறு, பறவை உளுந்து அளவுதான் தெரிகிறது. அடுத்த மாதம் நீ வரும்போது நடைபாலத்திலிருந்து சேர்ந்து பார்க்கலாம். உன் ட்ரைபாடைக் கொண்டு வா, என்னுடையதில் ஒரு கால் கழன்றுவிட்டது. இடம் எது என்று மட்டும் நம் கூட்டத்தில் யாரிடமும் இப்போதைக்குச் சொல்லிவிடாதே.

நான் மூன்று குஞ்சுகள் என்று எண்ணினேன். நீ பெரிதாக்கிப் பார்த்து எழுது. இடது இறக்கைக்குக் கீழே நாலாவதாக ஒரு தலை தெரிகிறதா?

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி