உன் கோணிப்பையைப் பிரித்துவிட்டேன்

சென்னை,
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று பாலு சொன்னான். இங்கே எல்லோரும் சௌக்கியம். பாலு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்தத் தயிர்சாதக் கதையைத்தான் சொல்கிறான், நீ கோயம்புத்தூரில் இருக்கிற தைரியத்தில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நங்கநல்லூர் வீட்டைக் காலி செய்தபோது நீ என்னிடம் கொடுத்துவைத்த கோணிப்பையைப் பிரித்துவிட்டேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதனால்தான் போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறேன்.

ஜனவரியில் என் பழைய ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரை எடுத்துக்கொண்டு கோவளம் வரை போனேன். திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஈ.சி.ஆரில் ஏறும்போது, வலது முன்சக்கரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அங்கேயே ஓரங்கட்டி, வேறு வண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கழற்றிப் பார்த்தால், முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டான வெர்ட்டிகல் லிங்கின் கீழ்முனையில் மரை தொடங்கும் இடம் முழுக்கத் துரு. சிவப்புச் சாயம் தடவித் துடைத்துவிட்டு வெள்ளைப் பவுடர் அடித்ததும், தலைமுடி கனத்தில் ஒரு கோடு எழும்பியது. விரிசல். அது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முறிந்திருந்தால் சக்கரம் மடங்கிப் படுத்திருக்கும். அன்றைக்குப் பக்கத்து சீட்டில் என் பெண் உட்கார்ந்திருந்தாள்.

காரணம் என்ன தெரியுமா? கிரீஸ். உனக்கு இதை உங்கப்பா நூறு தடவை சொல்லியிருப்பார், நீ ஒரு தடவைகூடக் காதில் வாங்கியிருக்க மாட்டாய். கேள். அந்த லிங்க்கின் அடியில் வெண்கலத்தில் வார்த்த ட்ரன்னியன் என்ற மூட்டு இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை அந்த வெண்கல மரைக்குள் சுழல்கிறது. அதற்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடைத்தால் அது கெட்டியாகி அப்படியே நின்றுவிடும், மரையின் அடிவரைக்கும் போகாது. உள்ளே தண்ணீர் இறங்கும், எஃகு அரிக்கும், ஒருநாள் முறியும். முன்பு இந்த வண்டியைப் பார்த்த ஷெட்டில் பல வருஷமாகக் கிரீஸைத்தான் திணித்திருக்கிறார்கள்.

இப்போது பார்க்கிற மெக்கானிக் நல்லவர்தான். ஆனால், "எல்லாத்தையும் வெட்டிட்டு மாருதி 800 ஸ்ட்ரட்டை வச்சிடலாம் சார்" என்றார். ஸ்ட்ரட் என்றால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண், அதன் மேல்முனையை வண்டியின் உடம்பில் மாட்ட வேண்டும். நான் பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் கவிழ்ந்து திறக்கிறது. ஸ்ட்ரட்டின் மேல்முனையை எதில் மாட்டுவது? அங்கே காற்றுதான் இருக்கிறது. அவர் சிரித்துவிட்டார். அது போகட்டும், 1959இல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டு காருக்காக வரைந்த இந்த முன்பக்க அமைப்பைத்தான் 1962இல் ஸ்பிட்ஃபயரில் போட்டார்கள். லோட்டஸ் எலான் காரும் ட்ரயம்ஃபின் லிங்க்கையும் ட்ரன்னியனையும் வாங்கித்தான் ஓடியது. நம் வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு கார் கம்பெனியில் 1961 முதல் ஹெரால்டில் மாட்டிக்கொண்டிருந்த சாமானை நானே வெட்டிப்போடுவதா?

இங்கிலாந்திலிருந்து புது லிங்க் இரண்டு வரவழைத்தேன். லிங்க் நன்றாக இருந்தது. கூட வந்த ட்ரன்னியனோ மாட்டும்போதே ஆடியது. இரண்டு ஞாயிறு புதுப்பேட்டை முழுக்க அலைந்தேன். "ஹெரால்டா? அதெல்லாம் எப்பவோ எடைக்குப் போயிடுச்சு" என்றார்கள்.

அன்று ராத்திரிதான் பரணிலிருந்து உன் பையை இறக்கினேன்.

உள்ளே இரண்டு ட்ரன்னியன்கள். செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, மேலே பென்சிலால் 'இடது', 'வலது' என்று உங்கப்பா கையெழுத்து. இரண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிராகச் சுற்றும், மாற்றிப் போட முடியாது. அதற்காகத்தான் எழுதியிருக்கிறார். பிரித்ததும் கியர் ஆயில் வாசனை. உள்ளே மரை புதுசு மாதிரி மின்னியது, சேகர். எனக்கு உடனே உங்கள் வீட்டு வாசல் ஞாபகம் வந்துவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி, மேலே கசிகிறவரை அமுக்குவார். நான் டார்ச் பிடிப்பேன். நீ கிரிக்கெட் பேட்டோடு ஓடியிருப்பாய். "பேரிங்குக்கு கிரீஸ், இதுக்கு எண்ணெய்" என்பார், ஒவ்வொரு தடவையும்.

அளவெடுத்துப் பார்த்தேன், ஒத்துப்போனது. புது லிங்க்கில் அவருடைய ட்ரன்னியனை ஏற்றினேன். ஆட்டமே இல்லை, விரலால் சுழற்றினால் வெண்ணெய் மாதிரி போகிறது.

அப்புறம் ஸ்டியரிங். சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டான ரேக்கைப் பிடித்திருந்த ரப்பர்கள் இற்றுப்போய், ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் ரேக்தான் நகர்ந்தது. அம்பத்தூரில் ஒரு லேத்தில் அலுமினியக் கட்டைகள் கடைந்து மாட்டினேன். ஸ்பிரிங்கும் கொஞ்சம் விறைப்பாக, ஒரு அங்குலம் தாழ்வாகப் போட்டதால் புதுச் சந்தேகம் வந்தது: பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்புமா? ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் ஒரு லேசர் டார்ச்சை முன்பக்கச் சுவரைப் பார்க்கக் கட்டி, ஜாக்கியால் சக்கரத்தைத் தூக்கித் தூக்கிப் புள்ளி விழுந்த இடமெல்லாம் பென்சிலால் குறித்தேன். இரண்டு விரற்கடை விலகியது! ரேக் ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததுதான் காரணம். ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்து மூன்று மில்லிமீட்டர் உயர்த்தியதும் கோடு கிட்டத்தட்ட நேரானது. மாலதி அந்தச் சுவரை வெள்ளையடிக்கச் சொல்கிறாள். நான் விடவில்லை.

நேற்று விடியற்காலையில் மறுபடி அதே கோவளம். திருவான்மியூர் தாண்டியதிலிருந்து கைக்குள் ரோடு பேசுகிறது. இந்த வண்டி இப்படித் திரும்பி நான் பார்த்ததே இல்லை.

இப்போது நீ சொல். அவை உன்னுடையவை. வேண்டாமென்றால் அரை நாளில் கழற்றி, அதே தாளில் சுற்றி அனுப்பிவிடுகிறேன், நமக்குள் வருத்தமே இருக்காது. இருக்கட்டும் என்றால், அடுத்த தடவை எண்ணெய் விடுகிற நாளுக்கு நீ வர வேண்டும். டார்ச்சை இந்த முறை நீ பிடி.

அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

உன்,
ரகு