கல்லையும் கம்பியையும் ஆராய்ஞ்சாச்சு, கடன் நோட்டையும் யாராவது ஆராயுங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல நிலநடுக்கத்தைத் தாங்குற வீடு பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன், படமெல்லாம் தெளிவா இருந்துச்சு, எழுதினவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு, ஆனா படிச்சு முடிச்சப்போ மனசு ஆறல. வீடு எப்படி நிக்கும்னு அதுல இருக்கு, அந்த வீட்ட யாரு எந்தக் காசுல கட்டுவாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. நான் சிவில் இன்ஜினியர், 2017, 2018 ரெண்டு வருஷமும் நேபாளத்துல சிந்துபால்சோக் மாவட்டத்து மலை கிராமங்கள்ல, புதுசா கட்டுற வீடு ஒவ்வொண்ணா ஏறிப் போய் செக் பண்ற வேலை பார்த்தேன். அந்த அனுபவத்துல சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு, நீளமா இருந்தா மன்னிக்கணும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, பகல் 11:56. கோர்க்கா மாவட்டம் பார்பக் பக்கத்துல ஆரம்பிச்ச 7.8 அளவு நடுக்கம். மே 12-ம் தேதி மறுபடியும் 7.3. கிட்டத்தட்ட 9,000 பேர் செத்தாங்க, அதுல மூணுல ஒரு பங்குக்கும் மேல நான் வேலை பார்த்த சிந்துபால்சோக்ல மட்டும். சனிக்கிழமை அங்க ஸ்கூல் லீவு, அதனாலதான் இந்தளவோட போச்சு, ஏன்னா இடிஞ்ச ஸ்கூல் கட்டிடங்க ஆயிரக்கணக்குல. அஞ்சு லட்சம் வீடு கிட்ட முழுசா போச்சு, இன்னொரு ரெண்டரை லட்சம் வீடு விரிசல் விட்டு அரைகுறையா நின்னுச்சு. மொத்த நஷ்டம் நேபாள ரூபாயில 70,000 கோடி சுமார்னு கணக்கு போட்டாங்க, அந்த நாட்டோட ஒரு வருஷ மொத்த வருமானத்துல மூணுல ஒரு பங்கு அது.

விழுந்த வீடு எல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒன்றரை அடி, ரெண்டடி கனத்துல கல் சுவரு, சிமெண்ட் கிடையாது, கல்லுக்கு நடுவுல மண் சாந்து. பார்க்க கோட்டை மாதிரி இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள அது ஒரு சுவரு இல்ல, முன்பக்கம் ஒரு வரிசை, பின்பக்கம் ஒரு வரிசை, நடுவுல சின்ன கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பினது. பூமி ஆட ஆரம்பிச்சதும் ரெண்டு வரிசையும் தனித்தனியா பிரிஞ்சு, வயிறு மாதிரி புடைச்சு, வெளிப்பக்கமா சரிஞ்சிடும். இதுக்கு மருந்து என்னன்னு இன்ஜினியரிங்ல ரொம்ப நாளாவே தெரியும். சுவரோட ரெண்டு பக்கமும் எட்டுற மாதிரி நீளக்கல்ல அங்கங்க வைக்கணும், பேஸ்மட்டம், ஜன்னலுக்கு கீழ, கதவு ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல், கூரை மட்டம்னு எல்லா சுவரையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி சுத்தி பெல்ட் போடணும், அந்த பெல்ட் மூலையில அறுந்து போகாம அடுத்த சுவருக்குள்ள வளைஞ்சு போகணும், அவ்வளவுதான். கம்பி வச்ச கான்கிரீட்தான் வேணும்னு இல்ல, மரத்துல கூட பெல்ட் போடலாம்.

இது நேத்து கண்டுபிடிச்சதும் இல்ல. 1931-ல பலுசிஸ்தான்ல மாச் ஊர்ல நிலநடுக்கம் வந்தப்புறம் எஸ்.எல்.குமார்னு ஒரு இளம் ரயில்வே இன்ஜினியர் அந்தப் பக்கத்துக்குன்னே கணக்கு போட்டு ரயில்வே குவார்ட்டர்ஸ் வடிவமைச்சாரு, 1935-ல குவெட்டா ஊரே தரைமட்டமாகி பல்லாயிரம் பேர் போனப்போ அந்த குவார்ட்டர்ஸ் நின்னுச்சு. நேபாளமும் 1988-ல உதய்பூர் நிலநடுக்கத்துக்கு அப்புறம் உட்கார்ந்து 1994-லயே கட்டிட விதி எழுதி வச்சிருச்சு, அதுல மண் சாந்து வீட்டுக்குன்னு தனியா ஒரு பகுதியே இருக்கு, மேஸ்திரி படிச்சாலே புரியுற மாதிரி. அப்படின்னா 1994-ல இருந்து 2015 வரைக்கும் 21 வருஷம், கையில மருந்த வச்சுக்கிட்டு எப்படி இத்தனை வீடு அந்த மருந்து இல்லாமலே கட்டினாங்க? இந்தக் கேள்விக்கு பதில் இன்ஜினியரிங் புக்ல கிடைக்காது, வீட்டுக்காரங்க கணக்கு நோட்லதான் கிடைக்கும். எனக்கே அது ஒரு தீதி (அக்காவ அங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க) வீட்டுல நடந்ததப் பார்த்துதான் புரிஞ்சுது.

இடிஞ்ச வீட்ட திரும்பக் கட்ட அப்போ நேபாள அரசாங்கம் குடுத்த மானியம் ஒரு வீட்டுக்கு 3 லட்சம் நேபாள ரூபாய், நம்ம காசுக்கு 1,87,500. மூணு தவணை, முதல்ல 50,000, அஸ்திவாரம் சரியா இருந்தா 1,50,000, சுவர் முடிச்சா 1,00,000. ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன மாதிரி ஆளு போய் பார்த்து ஓகேன்னு எழுதினாத்தான் அடுத்த பணம். நம்ம ஊர் தொகுப்பு வீட்டுல ஸ்டேஜ் பை ஸ்டேஜ் பில் போடுவாங்கல்ல, அதே மாதிரி. தப்பான வீட்டுக்கு பணம் போகக் கூடாதுன்னு யோசிச்சு செஞ்ச நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லல.

அந்த தீதிக்கு ஐம்பது வயசு இருக்கும், பையன் கத்தார்ல, வீட்டுக்காரர் இல்ல, மருமகளும் பேத்தியும் கூட. தகர ஷெட்டுல இருந்துக்கிட்டே பழைய வீட்டுக் கல்ல பொறுக்கி அடுக்கி புது வீட்ட லிண்டல் வரைக்கும் கொண்டு வந்துட்டாங்க. நான் போய் பார்க்குறேன், பெல்ட் கான்கிரீட் போட்டாச்சு, பார்க்க நல்லா இருக்கு, ஆனா ஒரு மூலையில ரெண்டு கம்பி முனை லேசா வெளிய தெரியுது. தெரியவே கூடாது, ரெண்டு கம்பியும் வளைஞ்சு அடுத்த சுவருக்குள்ள போயிருக்கணும். டகர்மிய கூப்பிட்டு கேட்டேன், டகர்மின்னா அங்க கொத்தனார். அவரு மறைக்கல, "கம்பி பத்தல சார்"னு சொன்னாரு. தீதி சுவரோட நீளத்த அளந்து அதுக்கு சரியா கம்பி வாங்கியிருக்காங்க. மூலையில வளைக்கிறதுக்கும், ஒரு கம்பி முடியுற இடத்துல இன்னொரு கம்பிய மேல ஏத்திக் கட்டுறதுக்கும் எக்ஸ்ட்ரா நீளம் வேணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. கீழ பஜார் போய் வாங்கிட்டு வரணும்னா ஒரு முழு நாள் போகும், கம்பி விலைக்கு மேல தூக்குகூலி வேற, அன்னைக்கு வந்த டகர்மி திரும்ப எப்போ வருவாருன்னும் தெரியாது, ஏன்னா வேலை தெரிஞ்ச ஆம்பளைங்க பாதிப்பேரு வளைகுடாவுலயும் மலேசியாவுலயும். அதனால இருக்குற கம்பிய வச்சு முடிச்சுட்டாங்க.

நான் என்ன செய்யணுமோ அத செஞ்சேன், மூலைய உடைச்சு கம்பி சேர்த்து மறுபடி போடணும்னு எழுதினேன். அது சரிதான், மூலை பிரிஞ்சா அந்த பெல்ட்டால ஒரு பிரயோஜனமும் இல்ல. ஆனா நான் எழுதின அந்த ஒரு வரியால மூணாவது தவணை நின்னு போச்சு, அதுக்குள்ள மழை வந்துருச்சு, ஆசாட மாசம் நாத்து நடவுன்னா மலையில ஒரு ஆளு கூட வேற வேலைக்கு கிடைக்க மாட்டாங்க, தசைன் பண்டிகை முடிஞ்சுதான் மறுபடி சுவருல கை வச்சாங்க. நடுவுல ஊர்ல ஒருத்தர்கிட்ட 40,000 கடன். நூத்துக்கு மூணுன்னு தீதி சொன்னாங்க, நம்ம பக்கத்துல மூணு வட்டின்னு சொல்றோமே அதேதான், மாசம் 1,200, வருஷத்துக்கு 36 சதவீதம். அவங்க பேத்தியோட பழைய ஸ்கூல் நோட்டுல எல்லாத்தையும் எழுதி வச்சிருந்தாங்க, எருமை வித்தது, கத்தார்ல இருந்து வந்தது, சிமெண்ட் மூட்டை இத்தனை, தூக்குகூலி இத்தனை. தூக்குகூலி கணக்குல ஒரு மூட்டை சிமெண்ட் கடையில என்ன விலையோ கிட்டத்தட்ட அதே அளவு மேல ஏத்துறதுக்கும் ஆகியிருந்துச்சு. எங்க ஆபீஸ் எஸ்டிமேட் ஷீட்டுல அந்த வரியே கிடையாது.

நோட்டுல கூட எழுதாத ஒரு செலவும் இருக்கு. கான்கிரீட் போட்டா ஏழு நாளாவது தண்ணி ஊத்தி க்யூரிங் பண்ணணும்னு நாம சொல்லிட்டு வந்துடுறோம். அந்தத் தண்ணி கீழ ஊத்துல இருந்து வரணும், காக்ரின்னு சொல்ற செம்புக்குடத்துல, மருமகள் இடுப்புல. காலையில ரெண்டு நடை, சாயங்காலம் ரெண்டு நடை, ஏழு நாள். அவங்க நாலாவது நாளே நிறுத்தியிருந்தா அத அலட்சியம்னு சொல்ல எனக்கு மனசு வருமா?

இந்த இடத்துலதான் ரிசர்ச் வேணும்னு சொல்றேன். சுவர ஆட்டிப் பார்க்க ஷேக் டேபிள் இருக்கு, அது வேணும், கண்டிப்பா வேணும். ஆனா அதே அக்கறையோட ஒரு பொருளாதார ஆய்வாளர் அந்த நோட்டையும் எடுத்துப் பார்க்கணும். தவணை எந்த மாசத்துல வந்தா அது சுவரா மாறும், எந்த மாசத்துல வந்தா கடன அடைக்கப் போயிடும்? மூலைக்கு வேணும்கிற கம்பிய முன்னாடியே வளைச்சு கட்டா குடுத்தா எத்தனை வீடு தப்பும், அதுக்கு என்ன செலவு? கொத்தனாருக்கு நாள் கூலி குடுத்தா பெல்ட்ட பொறுமையா போடுறாரா, இல்ல மொத்தமா கான்ட்ராக்ட் பேசினாலா? இதெல்லாம் சின்னக் கேள்வி மாதிரி தெரியும், வீடு நிக்குறதும் விழுறதும் இந்தச் சின்னக் கேள்வியிலதான் இருக்கு.

கேக்காததால என்ன ஆச்சுன்னு நேபாளம் முழுக்க பார்க்கலாம். முதல்ல ஒரு புத்தகம் போட்டாங்க, 17 மாடல் வீடு, இன்ஜினியரிங்ல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா பல மாடல் மலைக் குடும்பத்தோட பணத்துக்கு எட்டல. மானியத்துக்கு கெடு வச்சதும் ஜனங்க என்ன பண்ணாங்க, மானியப் பணத்துல எது முடியுமோ அத மட்டும், ஒரே ஒரு ரூம், கட்டிட்டாங்க. அந்த ரூம் நிலநடுக்கத்துல நிக்கும். ஆனா அடுப்பு, தானியம், ஆடு, அஞ்சாறு ஜனம் எல்லாம் அதுல எங்க அடங்கும்? நான் போன பல ஊர்ல புது ரூம்ல மக்காச்சோளம் கட்டித் தொங்குது, ஜனங்க ராத்திரி படுக்குறது பக்கத்துல விரிசல் விட்ட பழைய வீட்டுலதான். அரசாங்கக் கணக்குல அது பாதுகாப்பான வீட்டுக்கு மாறின குடும்பம். விரிசல் விட்ட அந்தப் பழைய வீட்டையே பலப்படுத்திக்க தனியா 1 லட்சம்னு ஒரு மானியம் இருந்துச்சு, இடிச்சுக் கட்டுறத விட செலவு குறைவு, ஆனா அதை வாங்கினவங்க ரொம்ப கம்மி. ஏன்னு நான் கேட்ட இடத்துல எல்லாம் ஒரே பதில்தான், புது வீட்டுக்கு 3 லட்சம் வருதே சார்னு. எந்த மானியம் ஜனங்கள எந்தப் பக்கம் தள்ளும்னு முன்கூட்டியே யோசிக்க வேண்டிய வேலை பொருளாதாரம் படிச்சவங்களோடது.

நல்லா நடந்ததையும் சொல்லணும். 1990கள் கடைசியில பக்தபூர் பக்கம் நங்கேல்னு ஒரு ஊர்ல, என்செட்னு சொல்ற நேபாள நிலநடுக்கத் தொழில்நுட்ப அமைப்பு ஒரு சாதாரண அரசுப் பள்ளிக்கூடத்த பலப்படுத்துற வேலைய எடுத்துச்சு. வெளியில இருந்து கான்ட்ராக்டர கொண்டு வரல, உள்ளூர் கொத்தனாருங்களுக்கே கத்துக்குடுத்து ஊர் ஜனத்த வச்சே செஞ்சாங்க. அந்தக் கொத்தனாருங்க அப்புறம் அதே ஊர்ல தனியார் வீடு கட்டும்போதும் பெல்ட் போட ஆரம்பிச்சுட்டாங்க, யாரும் மானியம் குடுக்கல, உத்தரவும் போடல. அந்த மாதிரி பலப்படுத்தின ஸ்கூலுங்க 2015-ல இடியாம நின்னுச்சு, சிலது அக்கம்பக்கத்து ஜனத்துக்கு தங்குற இடமாவும் ஆச்சு. இது இன்ஜினியரிங்கா பொருளாதாரமான்னு பிரிக்க முடியுமா? கொத்தனார் கையில தொழில் தங்கினா அடுத்த வீட்டுக்கு செலவு குறையுது, அந்த ஊருக்கு அத விட பெரிய மானியம் கிடையாது.

இப்போ எதுக்கு இதெல்லாம்னு கேக்கலாம், 2015 முடிஞ்ச கதைதானேன்னு. முடியல சார். அந்த நடுக்கத்துல உடைஞ்சது கோர்க்காவுக்கு கிழக்க. மேற்க, 1505-க்கு அப்புறம் பெருசா உடையாத பகுதி அப்படியே இருக்கு, வருஷத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் மாதிரி நம்ம நிலப்பகுதி இமயத்துக்கு அடியில நெருக்கிக்கிட்டே இருக்கு. 2023 நவம்பர் 3 ராத்திரி மேற்கு நேபாளத்துல ஜாஜர்கோட்ல வந்தது 2015-ஓட ஒப்பிட்டா ரொம்பச் சின்ன நடுக்கம், அதுக்கே 150 பேருக்கு மேல செத்தாங்க, தூக்கத்துல, அதே கல், அதே மண் சாந்து, அதே மூலை. 2015-ல இருந்து 2023 வரைக்கும் எட்டு வருஷம் இருந்துச்சு. மேற்க இருக்குற குடும்பங்க கிழக்க இருக்குறவங்கள விட ஏழைங்க, ரோடு இன்னும் கம்மி, தூக்குகூலி இன்னும் ஜாஸ்தி. அங்க போய் மறுபடி முதல்ல இருந்து சுவர மட்டும் ஆராய்ச்சி பண்ணிட்டு உட்கார்ந்திருந்தா எப்படி?

வீட்டைக் கட்டிப்பார்னு நம்ம பெரியவங்க சொன்னது கட்டுறவங்க படுற பாட்ட தெரிஞ்சுதான். அந்தப் பாட்டுக்கு கணக்கு போடாத எந்த டிசைனும் பாதி டிசைன்னுதான் நான் நினைக்கிறேன். அதனால உங்ககிட்ட ஒரு கோரிக்கை, அடுத்த தடவை இந்த விஷயத்த எழுதும்போது கட்டிடம் படிச்சவரையும் பொருளாதாரம் படிச்சவரையும் ஒண்ணா உட்கார வச்சு எழுத வைங்க, நடுவுல ஒரு கொத்தனாரையும் உட்கார வைங்க.

தீதியோட நோட்டுல ஏழு பக்கத்த அவங்க சம்மதத்தோட போட்டோ எடுத்து வச்சிருக்கேன், அவங்க சொல்லச் சொல்ல தமிழ்லயும் எழுதி வச்சிருக்கேன். பேரு, ஊரு எல்லாம் எடுத்துட்டு, ஆராய்ச்சி பண்ற மாணவங்க யாராவது கேட்டா உங்க ஆபீஸ் வழியா அனுப்பி வைக்கிறேன். கடைசிப் பக்கத்துல மூலைய உடைச்சு மறுபடி கட்டின செலவு தனியா இருக்கு, கம்பி, சிமெண்ட், டகர்மி கூலி ரெண்டரை நாள், தூக்குகூலி. அதுக்கு கீழ வட்டி.

இப்படிக்கு,
நேபாளத்துல வேலை பார்த்த ஒரு சிவில் இன்ஜினியர்,
திருச்சி.