பனிப்போர்ப் பாடத்தில் எங்கள் மலைக்கும் இரண்டு பக்கம் கொடுங்கள்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கோத்தகிரிப் பக்கத்தில் ஹட்டி எனப்படும் மலைக்கிராமம் ஒன்றில் சிறு தேயிலை விவசாயியின் மகனாகப் பிறந்து, நீலகிரியின் அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் நான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலகம் பற்றிய பத்தாம் வகுப்புப் பாடம் குறித்தே இந்த மடலை எழுதுகிறேன். ட்ரூமன் கோட்பாடு, மார்ஷல் திட்டம், 1949-இல் நேட்டோ, 1955-இல் வார்சா ஒப்பந்தம், அதே ஆண்டில் பாண்டுங் மாநாடு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரிசை தவறாமல் எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் பனிப்போர் என்பது எங்கோ அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் என்ற இரண்டு நாடுகள் தமக்குள் வளர்த்துக்கொண்ட பகை என்றும், தங்கள் வீட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றும் எண்ணிக்கொண்டே அவர்கள் பள்ளியை விட்டுப் போனார்கள்.

நான் படித்த காலத்துப் புத்தகங்களில் இதற்குக் கெடுபிடிப்போர் என்று பெயர். பிறகு பனிப்போர் என்ற சொல்லே நிலைத்துவிட்டது. ஒரு ஜனவரி மாதக் காலையில் இந்தப் பாடத்தைத் தொடங்கியபோது ஒரு மாணவி எழுந்து, "சார், பனிப்போர்னா நம்ம ஊர்ல விழற பனி மாதிரியா? விழும்போது ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சுத்தான் செடி கருகும்" என்று கேட்டாள். உறைபனியை அறியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். காற்றில்லாமல், மேகமில்லாமல், நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இரவில்தான் அது இறங்கும். விடியலில் தோட்டம் முழுவதும் வெள்ளை பூத்து அழகாக இருக்கும். வெயில் ஏறி ஓரிரு நாளில் கொழுந்து செம்பழுப்பாகித் தீயில் வாட்டியதைப் போலச் சுருளும். அந்தப் பெண்ணுக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. தேர்வுக்கு நாள் நெருங்கியிருந்தது. சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

அறுபதுகளில் எங்கள் பள்ளியில் மதிய உணவு வேளையில் பெரிய அண்டாவில் பால்பவுடரைக் கரைத்துக் காய்ச்சி ஊற்றுவார்கள். 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வழியாக வந்த பவுடர் அது. அதே ஆண்டுகளில் எங்கள் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட வழவழப்பான தாள் வேண்டுமென்றால் 'சோவியத் நாடு' இதழின் பக்கங்களைத்தான் தேடிப் பிடிப்போம். கோதுமை வயலில் சிரிக்கும் உழவர்களின் வண்ணப் படம் வெளிப்பக்கம் தெரியும்படி மடித்து ஒட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. வயிற்றுக்கு ஒரு வல்லரசு, கண்ணுக்கு இன்னொரு வல்லரசு. இரண்டுமே எங்கள் மீது கொண்ட அன்பினால் மட்டும் வந்தவை அல்ல என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-66-இல் நாடு வறட்சியில் தவித்தபோது, அதிபர் ஜான்சன் அந்தக் கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல், சிறிது சிறிதாக இழுத்துப் பிடித்தே அனுப்பினார். இந்தியா தன் வேளாண்மைக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு காரணம். வியட்நாம் போரை இந்தியா குறை சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை என்பது மற்றொன்று. டெல்லி பேசிய ஒரு வாக்கியத்துக்கு ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் விலை கொடுத்தார்கள்.

தேயிலைக் கதை இன்னும் ஆழமானது. பாடத்தில் இடம்பெற வேண்டும் என்று நான் முதன்மையாகக் கேட்பதும் அதுவே. 1953 டிசம்பரில் இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையிலிருந்து வளர்ந்த ரூபாய் வர்த்தக முறையில் டாலருக்கே வேலையில்லை. அவர்கள் அனுப்பிய இயந்திரம், எண்ணெய், மண்ணெண்ணெய், போர்த் தளவாடம் ஆகியவற்றின் விலை ரூபாய்க் கணக்கில் சேரும். அந்த ரூபாயைக் கொண்டு அவர்கள் இங்கே தேயிலையும் தோலும் துணியும் வாங்குவார்கள். என் தாய் குனிந்து கிள்ளிய இரண்டு இலையும் ஒரு மொட்டும் இப்படித்தான் மிக் போர் விமானத்துக்கும் எங்கள் வீட்டு விளக்கில் எரிந்த மண்ணெண்ணெய்க்கும் ஈடாயின. எண்பதுகளின் இறுதியில் இந்தியத் தேயிலை ஏற்றுமதியில் ஏறக்குறைய பாதி அந்த ஒரே நாட்டுக்குப் போயிற்று. குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை நின்றதும் உருளைக்கிழங்கு போட்ட நிலங்கள் தேயிலையாக மாறியதும் அந்தத் துணிவில்தான். வாங்குபவர் கேள்வி கேட்காததால் எங்களில் பலர் முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் இல்லாமல் போனது. அதை அடுத்த மாதங்களில் ஒரு நாள் அப்பாவுடன் இலை மூட்டைகளைச் சாலையோரத்தில் அடுக்கி வைத்துக் காத்திருந்தேன். வழக்கமாக மாலை நான்கு மணிக்கு வரும் வண்டி வரவில்லை. பச்சை இலையை மூட்டையில் நெடுநேரம் வைத்தால் உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துவிடும். பிறகு எந்த ஃபேக்டரியும் வாங்காது. அப்பா அரை மணிக்கொரு தரம் மூட்டையின் வாயைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருட்டிய பிறகு வந்த ஏஜென்ட், "ரஷ்யாக்காரன் வாங்கல, தூள் தேங்கிக் கிடக்குது, இலை வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா மூட்டைகளை அவிழ்த்து இலையைச் செடியடியிலேயே கொட்டினார். நான் அப்போது பள்ளியில் சோவியத் வீழ்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வரலாற்று ஆசிரியன். என் வீட்டு மூட்டையும் அந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று எனக்கே தோன்றவில்லை.

அடுத்த ஆண்டுகளில் இந்தியா திருப்பித் தர வேண்டியிருந்த பழைய கடனின் கணக்கில் ரஷ்யா மீண்டும் தேயிலை வாங்கியதால் எங்களுக்கு மூச்சு வந்தது. 1998 ஆகஸ்டில் ரஷ்ய நாணயமான ரூபிள் சரிந்த பிறகு வந்த விலை வீழ்ச்சியோ பறிகூலிக்கும் கட்டாத அளவுக்குப் போய், மலையே தெருவுக்கு வந்து போராடியது. உலகம் முழுவதும் பெருகிய விளைச்சலும் எங்கள் தரக்குறைவும் அதற்குக் காரணங்கள்தாம். எல்லாப் பழியையும் மாஸ்கோவின் மீது போட நான் சொல்லவில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்த அதே பிளவில் அந்தச் சந்தையை இழந்த ஜார்ஜியாவின் தேயிலைத் தோட்டங்கள் பராமரிப்பாரின்றிக் காடாயின. அந்த ஊர்களின் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள்.

எங்கள் இழப்பைப் பெரிதாக்கிக் காட்டவும் நான் விரும்பவில்லை. நாங்கள் இழந்தது விலையை. கொரியாவிலும் வியட்நாமிலும் அங்கோலாவிலும் ஆப்கானிஸ்தானிலும் மக்கள் இழந்தது உயிரை. காங்கோவில் விடுதலை கிடைத்த சில மாதங்களில், 1961 ஜனவரியில், அதன் முதல் பிரதமர் லுமும்பா கொல்லப்பட்டார். இந்தோனேசியாவில் 1965-66-இல் கம்யூனிஸ்டுகள் என்று குறி வைத்துப் பல லட்சம் பேரைக் கொன்றார்கள். இவற்றைப் பெயர்ப்பட்டியலாக இல்லாமல், ஓர் ஊரையாவது அருகில் சென்று பார்க்கும்படி எழுதுங்கள். தன் ஊரில் ஒரு மூட்டை இலை ஏன் வீணாயிற்று என்று அறிந்த பிள்ளைக்கு, இன்னோர் ஊரில் வீடு ஏன் எரிந்தது என்று கேட்கத் தோன்றும்.

இது பழங்கதையும் இல்லை. 2019-இல் அமெரிக்கத் தடைக்கு அஞ்சி இந்தியா ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியபோது, அந்த எண்ணெய்க்காக இங்கே சேர்ந்த ரூபாயில் நம் தேயிலையை வாங்கிவந்த ஈரானியரின் கையிருப்பும் கரைந்தது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவும் பெலாரஸும் விற்றுவந்த பொட்டாஷ் உரத்தின் விலை ஏறியது. அந்த உரத்துக்கு நாம் ஏறக்குறைய முழுவதுமாக இறக்குமதியையே நம்பியிருக்கிறோம். 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி அமெரிக்கா நம் பொருள்களுக்குக் கூடுதலாக 25 விழுக்காடு வரி போட்டபோது திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளியும் இந்தப் பாடத்துக்குள் வந்துவிட்டார்.

ஆகவே அடுத்த திருத்தத்தின்போது, பனிப்போர்ப் பாடத்தின் இறுதியில் தமிழ்நாட்டுக்கென இரண்டு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நீலகிரியின் தேயிலையோடு, சோவியத் உதவியில் எழுந்த நெய்வேலி அனல்மின் நிலையமும், 1988-இல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட கூடங்குளம் அணுமின் நிலைய உடன்படிக்கையும், மதிய உணவுக் கூடத்துப் பால்பவுடரும் அதில் இருக்கட்டும். பயிற்சிப் பகுதியில், வீட்டிலுள்ள முதியவரிடம் அந்தக் காலத்து ரேஷனையும் விளைபொருள் விலையையும் கேட்டு எழுதிவரச் சொல்லும் ஒரு வினாவும் வேண்டும்.

அப்பா இலைக் கணக்கு எழுதிய நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தேதி, மூட்டை எண்ணிக்கை, எடை, கிலோவுக்குக் கிடைத்த விலை எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. இலையைக் கொட்டிய அந்த நாளுக்கு எதிரே எடையை மட்டும் எழுதி, விலைக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். குழுவுக்குப் பயன்படுமானால் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து அனுப்பி வைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.