கைரேகை சென்சார்: கடையிலேயே பார்க்க வேண்டிய எண்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் வைஃபை, பேட்டரி பற்றியெல்லாம் எழுதுகிறவர்கள் கைரேகை சென்சாரை விட்டுவிடுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி வாங்கி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு போடுகிறவர்கள் பலர் அங்கேதான் முட்டி நிற்கிறார்கள்.

திங்க்பேட் டி480, டி490 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போலிருக்கும். டி480-ல் உள்ள சென்சாரின் எண் 06சிபி:009ஏ (திரையில் 06cb:009a என்று வரும்; எழுத்துகளும் இலக்கங்களே). டி490-ல் இருப்பது 06சிபி:00பிடி. இரண்டும் சினாப்டிக்ஸ் தயாரிப்பு. பின்னது உபுண்டு 24.04-ல் நேரடியாக வேலை செய்யும். முன்னதை அந்த உபுண்டுவோடு வரும், கைரேகை சென்சார்களை இயக்கும் லிப்எஃப்பிரிண்ட் நிரலகத்துக்குத் தெரியாது. எனவே பணம் கொடுப்பதற்கு முன்பே, நிறுவாமலே லினக்ஸ் இயங்கும் லைவ் பென்டிரைவில் கணினியைத் துவக்கி, கட்டளை தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில், யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை கொடுத்து இந்த எட்டு இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நான்கு இலக்கம் நிறுவனத்துக்கு: 06சிபி சினாப்டிக்ஸ், 138ஏ வேலிடிட்டி, 27சி6 குடிக்ஸ், 04எஃப்3 எலான். அடுத்த நான்கும் மாடலுக்கு. லிப்எஃப்பிரிண்ட் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலில் எட்டும் அப்படியே இருக்க வேண்டும்; நிறுவனம் ஒன்றாக இருப்பது போதாது. சில கணினிகளில் சென்சார் யூஎஸ்பியில் இல்லாமல் எஸ்பிஐ (SPI) என்ற வேறு வகை உள் இணைப்பில் இருக்கும். அது இந்தக் கட்டளையில் தென்படவே தென்படாது.

பட்டியலில் இருந்தால் வேலை சுலபம். எஃப்பிரிண்ட்டி (fprintd), லிப்பாம்-எஃப்பிரிண்ட்டி (libpam-fprintd) என்ற இரு மென்பொருள் பொதிகளை நிறுவினால் போதும். எஃப்பிரிண்ட்டி-என்ரோல் கட்டளை கொடுத்து, வலது ஆள்காட்டி விரலைச் சற்றே நகர்த்தி நகர்த்திப் பலமுறை வைக்க வேண்டும். இங்கே பலர் பழக்கதோஷத்தில் முன்னால், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ (sudo) என்ற சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது ரேகை ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயரில் பதிவாகும். உங்கள் கணக்கு திறக்காது. பதிந்ததும் எஃப்பிரிண்ட்டி-வெரிஃபை கொடுத்துச் சோதித்துவிடுங்கள். கடைசியாகச் சூடோ பாம்-ஆத்-அப்டேட் (sudo pam-auth-update) கொடுத்து, வரும் பட்டியலில் ஃபிங்கர்பிரிண்ட் வரியை ஸ்பேஸ் பாரால் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைச் செய்யும்முன் இன்னொரு டெர்மினலில் ரூட்டாக நுழைந்து அதைத் திறந்தே வைத்திருப்பது நல்லது. உள்நுழைவைச் சரிபார்க்கும் பாம் (PAM) கோப்பு கெட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்த கதைதான்.

பட்டியலில் இருந்தும் பதிவு மறுக்கப்பட்டால், பெரும்பாலும் காரணம் பழைய விண்டோஸ். இப்போதைய சென்சார்கள் பல, ரேகையை வட்டில் வைக்காமல் தம் சில்லிலேயே வைத்துக்கொள்கின்றன. வட்டை முழுக்க அழித்தாலும் முந்தைய உரிமையாளரின் ரேகை அங்கேயே உட்கார்ந்திருக்கும். என்ரோல்-டூப்ளிகேட், என்ரோல்-டேட்டா-ஃபுல் என்ற செய்திகளுக்கு இதுவே பொருள். திங்க்பேட் என்றால், கணினி துவங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையில் செக்யூரிட்டி பகுதிக்குள் ஃபிங்கர்பிரிண்ட் தரவை ரீசெட் செய்யும் வசதி இருக்கிறது. இரண்டாம் கை கணினி வாங்கிய எவரும், லினக்ஸ் போடாவிட்டாலும், முதலில் இதைச் செய்துவிட வேண்டும். 06சிபி:00பிடி போன்றவற்றுக்குச் சென்சாரின் ஃபர்ம்வேர் (சில்லுக்குள் இயங்கும் நிரல்) பழையதாக இருப்பதும் தடையாகலாம். எஃப்டபிள்யூயூபிடிஎம்ஜிஆர் (fwupdmgr) கட்டளை வழியாகப் புதுப்பிக்கலாம். அங்கே அதன் பெயர் பிரொமீதியஸ் என்று வரும்.

டி480 வாங்கிவிட்டவர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பைத்தான்-வேலிடிட்டி (python-validity), ஓபன்-எஃப்பிரிண்ட்டி (open-fprintd) என்று தன்னார்வலர்கள் எழுதிய இரண்டு நிரல்கள் 138ஏ:0090, 138ஏ:0097, 06சிபி:009ஏ ஆகியவற்றை இயக்குகின்றன. நிறுவும்போது விண்டோஸ் டிரைவர் கோப்பைப் பதிவிறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரைப் பிரித்தெடுப்பதால் இணைய இணைப்பு அவசியம். வழக்கமான எஃப்பிரிண்ட்டியின் இடத்தை ஓபன்-எஃப்பிரிண்ட்டி எடுத்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது. கணினி தூங்கி எழுந்ததும் சென்சார் செத்ததுபோல் கிடந்தால், ஓபன்-எஃப்பிரிண்ட்டியின் சஸ்பெண்ட், ரெஸ்யூம் என்ற இரு சேவைகளையும் சிஸ்டம்சிடிஎல் (systemctl) கட்டளை மூலம் இயக்கி வைக்க வேண்டும். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது மேல்.

எல்லாம் சரியாகியும் குறை சொல்கிறவர்கள் உண்டு: "ரேகை வைத்து உள்ளே போனேன், குரோம் திறந்தால் மறுபடி பாஸ்வேர்ட் கேட்கிறது." அது கோளாறு அல்ல. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் உபுண்டுவின் க்னோம் சாவிக்கொத்து (கீரிங்), உங்கள் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டது. ரேகையிலிருந்து அந்த பாஸ்வேர்ட் கிடைக்காது. லக்ஸ் (LUKS) முறையில் குறியாக்கம் செய்த வட்டும் அப்படித்தான்; ரேகையால் திறக்காது.

தங்கள் நாளிதழின் மடிக்கணினி மதிப்புரைகளில் திரை அளவு, எடை, விலையோடு சென்சாரின் இந்த எண்ணையும் ஒரு வரியில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எஸ்பிஐ இணைப்பு என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்,
சென்னை.