பெட்ரோல் ஜெனரேட்டரை கேஸுக்கு மாற்றுவது பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா தேறி நடமாடுகிறார் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. உன்னுடைய 2 கிலோவாட் பெட்ரோல் ஜெனரேட்டரை புரொப்பேனில், அதாவது சிலிண்டரில் வரும் கேஸில், ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக ஓட்டலாம். ஆனால் எரிபொருள் செலவு மிச்சமாகும் என்ற கணக்கோடு இதில் இறங்காதே. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலில் இருக்கும் வெப்பத்தில் முக்கால் பங்குதான் திரவ புரொப்பேனில் இருக்கிறது. உண்மையான லாபம் வேறு. ஜெனரேட்டர் என்பது மாதக்கணக்கில் மூலையில் கிடந்து, மின்சாரம் போன அன்று திடீரென்று வேலை செய்ய வேண்டிய சாமான். பெட்ரோல், அதைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரிலேயே தங்கினால் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பிசினாகப் படிந்து, ஜெட் என்ற பெட்ரோல் வரும் சின்னத் துளையை அடைத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் ஈரத்தையும் இழுக்கும். புரொப்பேன் எத்தனை வருஷம் சிலிண்டரில் இருந்தாலும் கெடாது. உன்னுடையதைப் போல எப்போதாவது ஓடும் மெஷினுக்கு அதற்காகவே மாற்றலாம்.

மெஷின் ஃபோர் ஸ்ட்ரோக்தானா என்று முதலில் பார்த்துக்கொள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் உள்ளே மசகு. கேஸில் அது கிடையாது, எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இந்த வேலைக்கு உயிர்நாடி டிமாண்ட் ரெகுலேட்டர். சிலிண்டருக்குள் அழுத்தம் 20 டிகிரி வெப்பநிலையில் 7 பாருக்கு மேல். சிலிண்டர் வாயில் மாட்டும் முதல் ரெகுலேட்டர் அதை 28 முதல் 30 மில்லிபாருக்கு இறக்குகிறது. அடுத்து டிமாண்ட் ரெகுலேட்டர். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அதன் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு இழுபட்டு வழி திறக்கும். எஞ்சின் நின்றால் தானாக மூடும். இதை வாங்காமல் ஒரு சின்ன வால்வை மட்டும் வைத்து கேஸை நேராகக் கார்புரேட்டருக்கு விடுகிறவர்கள் உண்டு. மெஷினும் ஓடும். ஆனால் ஏதோ காரணத்தால் எஞ்சின் நின்றுவிட்டால் கேஸ் வந்துகொண்டே இருக்கும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஒரு பொறி போதும். எவ்வளவு அவசரமானாலும் நீ இதைச் செய்யாதே.

முதல் ரெகுலேட்டரின் மேல் மணிக்கு எத்தனை கிலோ என்று அச்சிட்டிருப்பார்கள். உன் மெஷினுக்கு 1.5 கிலோவாவது வேண்டும்; குறைந்தால் லோடு ஏறியதும் திணறும். ஹோஸ் எல்பிஜிக்கென்றே செய்ததாக, உள்விட்டம் 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். டிமாண்ட் ரெகுலேட்டரை எஞ்சின் மேல் பொருத்தாமல் சட்டத்தில் பொருத்து, டயாஃப்ரம் செங்குத்தாக நிற்கும்படி. படுக்க வைத்தால் அதன் எடையே அளவைக் கெடுக்கும்.

கேஸை உள்ளே விட எளிய வழி, ஏர் ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு அடாப்டர் தட்டு. கார்புரேட்டரை ஓட்டை போட வேண்டாம், பிறகு பெட்ரோலுக்கும் திரும்பலாம். கார்புரேட்டர் தொண்டையின் குறுகலான இடத்தில் துளையிட்டுப் பித்தளைக் குழாய் செருகினால் உறிஞ்சல் இன்னும் வலுவாகக் கிடைக்கும் என்பது நிஜம். அப்படிச் செய்தால் குழாய் முனையை 45 டிகிரியில் வெட்டி, வெட்டுமுகம் எஞ்சினைப் பார்க்க வை. துளையிடும்போது கார்புரேட்டரைக் கழற்றிவிடு, உலோகத்தூள் உள்ளே போகக் கூடாது.

பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணத்தை முழுக்க வடித்துவிடு. வடிக்காவிட்டால் இரண்டு எரிபொருளும் சேர்ந்து போய் பிளக் நனையும், கரும்புகை வரும். சோக் வேண்டாம். ரெகுலேட்டரின் பிரைமர் பட்டனை ஒரு நொடி அழுத்திவிட்டுக் கயிற்றை இழு. கேஸ் கலவையில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும்; பிளக் இடைவெளியை 0.6 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கும்.

டியூனிங்கில் பொறுமை வேண்டும். எஞ்சினை ஓட்டாமல் சிலிண்டரைத் திறந்து, டிமாண்ட் ரெகுலேட்டரிலிருந்து வெளிவரும் ஹோஸ் முனையில் சோப்பு நுரை தடவு. குமிழி எழுந்தால் அந்த ரெகுலேட்டரின் ஐடில் ஸ்க்ரூவைக் கேஸ் நிற்கும் பக்கமாகத் திருப்பு. அதற்கும் நிற்காவிட்டால் ரெகுலேட்டரையே மாற்று. பிறகு ஸ்டார்ட் செய்து, முக்கால் லோடு கொடுத்து, ஹோஸ் நடுவே கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் லோடு ஸ்க்ரூவை மெல்ல மூடிக்கொண்டே வா. வேகம் இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, வேகம் மீளும் வரை திற. அதற்கு மேல் ஒரு இம்மி கூடுதலாகத் திறந்து விட்டுவிடு. எஞ்சின் ஏறி இறங்கி ஊசலாடினாலோ, கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று வெடித்தாலோ கேஸ் போதவில்லை. அப்படியே விட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சூடேறித் தேயும். கேஸில் ஓடும் மெஷினுக்கு டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) அடிக்கடி பார்ப்பது அவசியம். ஆயில் கறுக்காது என்பதற்காக மாற்றாமல் விடாதே.

திறன் ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும். கேஸே எஞ்சினின் சிலிண்டருக்குள் இடம் பிடிப்பதால் அந்த அளவு காற்று குறைகிறது. எனவே 1,800 வாட்டுக்கு மேல் நம்பாதே. ஒரு கிலோவாட் லோடுக்கு மணிக்கு அரை கிலோ கேஸ் என்று வைத்துக்கொள்.

சின்ன கேஸ் சிலிண்டரில் முழு லோடு ஓட்டினால் இன்னொரு தொல்லை. மணிக்கு ஒரு கிலோ திரவம் ஆவியாக ஏறக்குறைய 100 வாட் வெப்பம் தேவை. அது சிலிண்டரின் சுவர் வழியாகத்தான் வரவேண்டும். வராவிட்டால் வெளியே பனி பூத்து, அழுத்தம் விழுந்து, எஞ்சின் நின்றுவிடும். பாதி காலியான சிலிண்டரில் இது சீக்கிரம் நடக்கும். பெரிய சிலிண்டரோ, இரண்டை இணைத்தோ வைத்தால் தீரும். சூடேற்றப் பார்க்காதே. உனக்குக் கிடைக்கும் கேஸில் பியூட்டேன் என்ற இன்னொரு வாயு நிறைய இருந்தால் குளிர்காலத்தில் இன்னும் மோசம். அது கொதிப்பதே பூஜ்ஜியம் டிகிரி பக்கத்தில். சிலிண்டர் நின்றபடியே இருக்க வேண்டும். சாய்த்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும்.

கேஸ் சுத்தமாக எரியும் என்பதால் புகையில் விஷம் இல்லை என்று நினைக்காதே. கார்பன் மோனாக்சைடு இதிலும் உண்டு. வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி வை. எக்ஸாஸ்ட் சிலிண்டரைப் பார்க்கக் கூடாது. நிறுத்தும்போது முதலில் சிலிண்டர் வால்வை மூடு. ஹோஸில் உள்ளது எரிந்து தீர்ந்ததும் எஞ்சின் தானே நிற்கும்.

அடாப்டர் தட்டு வாங்குமுன் எஞ்சின் மாடல் எண்ணையும், ஏர் ஃபில்டர் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் இடைவெளியையும் எழுதி அனுப்பு. தட்டுகள் அதைப் பொறுத்துத்தான் மாறும். எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்